கீறல் விழுந்த ஐந்தாவது பத்தி

நான் ஒரு பொய் சொன்னேன். அதை ஒளிச்சு வச்சுக் கடைசியில சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்ல, முதல்லயே சொல்லிடுதேன். ஒரே ஒரு வாக்கியம். நல்ல மனசோடதான் சொன்னேன். அது இப்படி ஊரையெல்லாம் சுத்திட்டு வந்து என் வாசல்லயே நிக்கும்னு யாரு கண்டா?

என் பேரு பெனிட்டா. வயசு அம்பத்தெட்டு. தூத்துக்குடியில ஒரு பொது நூலகத்தோட மாடியில மைக்ரோபிலிம் அறைக்கு நான்தான் பொறுப்பு. 'தென்கரை மாலை'ன்னு ஒரு பத்திரிகை, மூடி அம்பது வருசமாச்சு. அதோட முப்பத்தோரு வருசத்துப் பேப்பரும் ரோல் ரோலா என் அலமாரியில கிடக்கு. ஏசி ஒழுங்கா ஓடணும், இல்லேன்னா பிலிம்ல வினிகர் வாடை அடிக்க ஆரம்பிச்சிரும். அதனால வருசம் முழுக்க நான் உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். தூத்துக்குடி வெயில்ல ஸ்வெட்டரோட பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஒரே பொம்பளை நான்தான்.

நிவேதிகா முதல் தடவை மாடி ஏறி வந்த அன்னைக்கு, மூச்சு வாங்க மெஷின் முன்னால உக்காந்தா. என்னைவிட அஞ்சு வயசு மூத்தவ. அவ கேட்ட ரோலை மாட்டி, விளக்கைப் போட்டேன்.

"என்னம்மா, லைட்டு மட்டும் எரியுது. எழுத்தைக் காணோமே?"

"கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

"ஆமா, புரை. போன வருசம்."

"அப்போ தெரியாது."

"ஏன் தெரியாது? பஸ் போர்டு தெரியுது, மருந்துச் சீட்டு தெரியுது, உங்க மூஞ்சியில இருக்கிற மரு தெரியுது."

"மருவுக்கும் மருந்துச் சீட்டுக்கும் உரிமையாளர் கிடையாதுல்லா. இந்தப் பேப்பருக்கு இருக்கு. எழுத்தைப் பாக்கிற எந்தக் கருவியும் முதல்ல 'இது யாரோட எழுத்து'ன்னு கேக்கணும்னு சட்டம். அனுமதி வாங்கலேன்னா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாத்தான் காட்டும். முதல்ல போன்ல வந்துச்சு. அப்புறம் மூக்குக் கண்ணாடியில. அப்புறம் கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸும் கருவிதான்னு கோர்ட்டு சொல்லிட்டு."

"என் கண்ணு என்னோடது இல்லையா?"

"கண்ணு உங்களோடது. லென்ஸ்தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது."

"அப்போ நீங்க எப்படிப் படிக்கீங்க?"

"எனக்கும் புரை இருக்கு. ரெண்டு கண்ணுலயும். ஆபரேஷன் பண்ணாம வச்சிருக்கேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் வைவாரு. பண்ணிட்டா அப்புறம் இந்த அறையில எனக்கு என்ன வேலை?"

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. பைத்தியம்னு நினைச்சிருப்பா. அதுவும் தப்பில்ல.

நான் விளக்கிச் சொன்னேன். பொறந்த கண்ணால பாத்து, கையால எழுதிக்கிடலாம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. லென்ஸ் வச்சவங்களுக்கு இன்னொருத்தர் வாசிச்சுச் சொன்னா, அவங்க கையால எழுதிக்கிடலாம். கையெழுத்தை எந்தக் கருவியும் மறைக்காது. இதுக்குப் பேருதான் நியாயப் பயன்பாடு. பக்கத்துக்கு எட்டுப் பத்தி, அதுல ஒருத்தருக்கு ஒரு பத்திதான், ஆயுசுக்கும். நாளைக்கு வந்து அதே பக்கத்துல அடுத்த பத்தியைக் கேக்க முடியாது.

"எனக்கு முழுப் பக்கமும் வேணுமே! சேதி எந்தப் பத்தியில இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போ மூலையில பென்சில் சீவிக்கிட்டிருந்த ஹர்ஷவர்தன் அண்ணாச்சி தலையைத் தூக்கினாரு. உப்பளத்துல பம்பு மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெத்தவரு, எழுபது வயசு. (இப்போ கிழவங்க பேரெல்லாம் ஹர்ஷவர்தன், நிவேதிகா, பெனிட்டான்னுதான் இருக்கும். குழந்தைகளுக்குத்தான் செங்கமலம், வடிவு, சுடலைமுத்துன்னு புதுசு புதுசா வைக்காங்க.)

"எங்க சீட்டுல சேந்துக்கிடுங்க. போன மாசம் ஒரு ஆளு மகன் வீட்டோட போயிட்டாரு, ஒரு இடம் காலியா இருக்கு."

"சீட்டா? நான் பணங்காசு கட்டுற நிலைமையில இல்ல, அண்ணாச்சி."

"பணம் யாரு கேட்டா? இது பத்திச் சீட்டு. எட்டுப் பேரு, எட்டுப் பத்தி. காலையில பத்து மணிக்கு டப்பாவைக் குலுக்குவோம். யாரு பேரு விழுதோ, அவங்க கேக்கிற பக்கத்தை எட்டுப் பேரும் ஆளுக்கொரு பத்தியா எழுதி அவங்க கையில குடுத்துருவோம். எடுத்தவங்க பேரு அந்தச் சுத்து முடியிற வரைக்கும் டப்பாவுல கிடையாது. அவ்வளவுதான்."

"இது சட்டப்படி சரியா?"

"நான் எழுதினது என் நோட்டு. என் நோட்டை என் கூட்டாளிக்குக் குடுக்கேன். அதுல சட்டத்துக்கு என்ன வேலை?"

இந்தச் சீட்டு ஒம்பது வருசமா ஓடுது. அண்ணாச்சி எடுத்தது அவரு அம்மா அப்பா கல்யாணத்தன்னைக்கு வந்த பக்கம், ஊருல எந்தத் தியேட்டர்ல என்ன படம் ஓடுச்சுன்னு பாக்க. சீட்டுல இன்னொரு ஆளு ரயான் காக்கா எடுத்தது அவங்க உம்மா எழுதி அனுப்பி, பேரோட அச்சான சமையல் குறிப்பு. உம்மா எழுதினதை மகன் படிக்க அனுமதி வாங்கணும்னா எனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு பத்தியையும் கார்பன் வச்சு எழுதுவோம், அடிப்பிரதி என் அலமாரிக்குப் போயிரும். இந்தக் காலத்துல கார்பன் தாளுக்கு நாங்க படுத பாடு இருக்கே, அது தனிக் கதை.

ஒரு வாரத்துலயே அவ எனக்கு வாங்க போங்க போயி வாடி போடி ஆயிட்டா. டீ குடிக்கும்போது விசயத்தைச் சொன்னா.

"எங்கப்பா பேரு தங்கப்பாண்டி. துறைமுக ரோட்டுல வாட்ச்மேன். 2011-ல பக்கத்துல பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி தீப்பிடிச்சுது. உள்ள ஒம்பது பேரு மாட்டிக்கிட்டாங்க. வெளியில இருந்து அஞ்சு பேரு உள்ள போயி எல்லாரையும் இழுத்துட்டு வந்தாங்க. அந்த அஞ்சு பேருல நானும் ஒருத்தன்ம்பாரு எங்கப்பா. குடிச்சிருந்தாலும் சொல்லுவாரு, குடிக்கலேன்னாலும் சொல்லுவாரு. ஒருத்தரும் நம்பலை. 'ஆமா, நீரு கிழிச்சீரு'ம்பா எங்கம்மா. தெருவுல அவருக்குப் பேரே தீயணைப்பு. பள்ளிக்கூடத்துல என்னைத் 'தீயணைப்பு மவ'ன்னுதான் கூப்பிடுவாளுவ."

"நீ நம்பினியா?"

"நானும் நம்பலை, பெனிட்டா. அதுதான் என்னை அறுக்குது. சாகும்போது என் கையைப் பிடிச்சு, 'பேப்பர்ல என் பேரு வந்துச்சுட்டி'ன்னாரு. பேப்பர் எங்கன்னு கேட்டேன். வடை மடிச்சு எவனோ கொண்டு போயிட்டான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. சாகப் போற மனுசன் முன்னால சிரிச்சிட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அந்த அஞ்சு பேருல எங்கப்பா பேரு இருக்கா, இல்லையா."

அடுத்த வாரம் குலுக்கல்ல அவ பேரு விழுந்துச்சு. தீ விபத்துச் சேதி பக்கம் முழுக்க ஓடியிருந்துச்சு. உள்ள போனவங்க பேரெல்லாம் ஐந்தாவது பத்தியிலன்னு உள்தலைப்பை மட்டும் பாத்து நான் முதல்லயே குறிச்சு வச்சிருந்தேன். அதை அவ கையாலயே எழுதணும்னு சொல்லிட்டா. நான் வாசிக்க, அவ எழுத.

முதல் நாலு பேரு வந்தாங்க. சகாயராஜ், இசக்கிமுத்து, ரெண்டு அண்ணன் தம்பிங்க. ஒவ்வொருத்தரைப் பத்தியும் ரெண்டு வரி. அஞ்சாவது ஆளு வர வேண்டிய எடத்துல, பிலிம்ல ஒரு கீறல். அந்த ரெண்டு வரியை மட்டும் யாரோ நகத்தால வழிச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. என் புரைதான் படுத்துதோன்னு கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தேன். மெஷின் கண்ணாடியைத் துடைச்சுப் பாத்தேன். முன்னால தள்ளிப் பாத்தேன், பின்னால தள்ளிப் பாத்தேன். ஒரு எழுத்துக்கூட மிச்சமில்ல.

"அப்புறம்?"னா நிவேதிகா.

பென்சில் தாளைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அவ என் மூஞ்சியைப் பாக்கலை, தாளைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. சொல்லிட வேண்டியதுதானே, கீறல் விழுந்திருக்குட்டின்னு? வாய் வரலை. இருவது வருசமா அந்தப் பேப்பரைப் படிக்கேன், அந்த நடை எனக்குத் தண்ணி பட்ட பாடு. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிட்டு:

"ஐந்தாவதாக உள்ளே சென்ற காவலாளி தங்கப்பாண்டி, மயங்கிக் கிடந்த இருவரைத் தம் இரு தோள்களிலும் சுமந்து வெளியே வந்தார்."

பென்சில் அசையலை.

"திருப்பிச் சொல்லு"ன்னா.

திருப்பிச் சொன்னேன். எழுதினா. எழுதி முடிச்சிட்டுத் தாள் மேலயே கவுந்து படுத்து அழுதா. அண்ணாச்சி ஓடிப் போயி எல்லாருக்கும் பால்கோவா வாங்கிட்டு வந்தாரு. அந்தப் பக்கத்தை அவ தெரு முழுக்கக் கொண்டு போயிக் காட்டினா. தீயணைப்புன்னு கூப்பிட்டவங்க வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, நிக்க வச்சு வாசிச்சுக் காட்டினா. அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சான்னு கேக்காதீங்க, நல்லாவே வந்துச்சு. யாருக்கு என்ன நட்டம்னு நினைச்சேன்.

ஆறு மாசம் கழிச்சுத் துருவன்னு ஒருத்தன் வந்தான். ஒல்லியா, பவ்யமா இருந்தான். பழைய கையெழுத்துகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதேன் மேடம்னான். எங்க அடிப்பிரதிக் கட்டையெல்லாம் ஒரு வாரம் குடுங்கன்னு கேட்டான். ஒம்பது வருசத்துல எங்க கையெழுத்தை யாரும் ஆராய்ச்சி பண்ணினது கிடையாது. நாங்க எட்டுப் பேரும் பூரிச்சுப் போயி ஆட்டோ வச்சு ஏத்தி விட்டோம். சொன்ன நாள்ல திருப்பிக் கொண்டு வந்து, கூடவே ரெண்டு டப்பா மக்ரூனும் குடுத்தான். தூத்துக்குடிக்காரிக்கே மக்ரூன் வாங்கிக் குடுத்த ஆளு. அப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நான் அண்டிப்பருப்பு, அதான் முந்திரி, நிறையப் போட்ட டப்பா எதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

இந்த வருசம் தை மாசம் நோட்டீஸ் வந்துச்சு. நெடுஞ்சுவடின்னு ஒரு நிறுவனம். 'தென்கரை மாலை'யோட உரிமையை வாங்கினவங்க. அவங்ககிட்டயே சொந்தமா ஒரு முழுப் பிலிம் தொகுப்பு இருக்கு, அதுல இருந்து பக்கங்களை வெளியிட ஆரம்பிச்சாச்சு, உரிமையாளரே குடுக்கும்போது பொது நூலகத்துல இன்னொரு பிலிம் எதுக்கு, ஒப்படைச்சிடுங்கன்னு எழுதியிருந்தாங்க. சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. பிலிம் போனாச் சீட்டு போச்சு, சீட்டு போனா இந்த அறையும் போச்சு. கீழ நூலக ஆபீஸ்ல விசாரிச்சேன். ஒப்படைச்ச பிலிமை அவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டேன். "அழிச்சிருவாங்க, ரெண்டு தொகுப்பு வச்சிருந்தா அவங்களுக்கு என்ன லாபம்"னாங்க.

நான் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நிவேதிகா படியில ஓடி வாரா. அறுவத்து மூணு வயசு, மூட்டு வலி, ஓடி வாரா.

"பாத்தியாட்டி! அவங்க மாதிரிக்கு வெளியிட்ட பக்கத்துல எங்கப்பா பக்கமும் இருக்கு! எனக்கே தெரியுது, சுண்ணாம்பு இல்ல, அச்சு எழுத்து! அதே வாக்கியம், அப்படியே! ரெண்டு பிலிம்லயும் ஒரே மாதிரி இருக்கு. இனிமே எவன் வாயைத் திறப்பான்?"

போனை வாங்கிப் பாத்தேன். இருவரைத் தம் இரு தோள்களிலும் சுமந்து வெளியே வந்தார். எழுத்துக்கு எழுத்து.

அவங்ககிட்ட சொந்தப் பிலிம் இருந்தா, அந்த எடத்துல வேற ஏதாவது வாக்கியம் இருக்கணும். யாரு பேரோ, எதுவோ. நான் வாய்க்கு வந்தபடி உளறினது அங்க எப்படி வரும்? அவங்ககிட்ட பிலிமே கிடையாது. அழுகிப் போயிருக்கும், இல்ல தொலைஞ்சிருக்கும். எங்க கையெழுத்தைப் பாத்து அச்செழுத்துல கோத்துக்கிட்டு, எங்க பிலிமையே அழிக்கப் பாக்காங்க.

இதை நிரூபிக்க என்கிட்ட இருக்கிறது ஒரே சாட்சி, என் பொய். அதை வாயைத் திறந்து சொன்னாப் பிலிம் பிழைக்கும், தங்கப்பாண்டி மறுபடியும் தெருவுல தீயணைப்பு ஆயிருவாரு. சொல்லலேன்னா அவரு வீரன், இந்த அறைக்குப் பூட்டு. கர்த்தாவே, எனக்கு மட்டும் ஏன் இப்படி மாட்டுதுன்னு நினைச்சேன். மாட்டி வச்சது நானேதான்.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால, நூலகத்துப் படிக்கட்டுல அவளை உக்கார வச்சுச் சொல்லிட்டேன். கீறலைச் சொன்னேன், நான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன், நெடுஞ்சுவடிக்காரங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு சொன்னேன். அவ மூஞ்சி மாறவே இல்ல. டீ கிளாஸைப் பக்கத்துல வச்சா.

"ஏன் சொன்ன?"

"மனசு கேக்கலைட்டி, நீ அழுவியேன்னு..."

"அன்னைக்கு ஏன் சொன்னன்னு கேக்கலை. இப்ப ஏன் சொன்ன? நான் கேட்டேனா உன்கிட்ட? கேட்டேனா?"

எந்திரிச்சுப் போயிட்டா. மூணு நாள் சீட்டுக்கு வரலை. அவ பத்தியை இன்னொருத்தர் எழுத முடியாது. அதனால மூணு நாளும் எங்க பக்கம் பல்லு போன வாய் மாதிரி ஏழு பத்தியோட நின்னுச்சு. அண்ணாச்சிக்கு விசயம் தெரிஞ்சு, "ஏ பெனிட்டா, உனக்கு ஏன் இந்த வேலை?"ன்னு மட்டும் கேட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

விசாரணை நூலகத்துக் கீழ் அறையிலயே நடந்துச்சு. உரிமைத் தீர்வு அதிகாரி செங்கமலம், முப்பது வயசுகூட இருக்காது. எதிர்ல நெடுஞ்சுவடி சார்பா வந்து உக்காந்திருந்தது யாருன்னு நினைக்கீங்க? மக்ரூன் துருவன். என்னைப் பாத்து வணக்கம் வேற வச்சான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

அவன் பேசினான். "எங்கள் தொகுப்பு தெளிவானது, மேடம். நூலகப் பிலிமில் கீறல்கள் இருப்பதாக அவர்களே பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கையால் எழுதிய பக்கங்களோடு எங்கள் பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல்கூட மாறாது. மக்களுக்கு எந்த இழப்பும் இல்லை."

"நீங்க வெளியிட்டிருக்கிறது எல்லாமே இவங்க எழுதின பக்கங்களா இருக்கே?"ன்னாங்க அதிகாரி.

"மக்கள் அதிகம் தேடிய பக்கங்களை முதலில் வெளியிட்டோம். இவர்கள் பதிவேட்டைப் பார்த்துத்தான்."

பய பதிலைத் தயாரா வச்சிருந்தான். நான் எந்திரிச்சேன். பின்னால திரும்பிப் பாக்கலை, பாத்தா நிவேதிகா வந்திருக்காளா இல்லையான்னு தெரிஞ்சிரும். சொல்லிட்டேன். கீறல், வாக்கியம், எல்லாத்தையும்.

செங்கமலம் என்னையே பாத்தாங்க. "அம்மா, நீங்க இந்த அறையோட பொறுப்பாளர். அறை பிழைக்கிறதுக்காக இப்படிச் சொல்லுதீங்கன்னு அவங்க சொல்லலாமே? உங்க பிலிம்ல கீறல், அவங்க பிலிம்ல இல்ல. அந்த வாக்கியம் அச்சுல இருந்ததா, நீங்க கட்டினதான்னு நான் எப்படி முடிவு பண்ண?"

உண்மையைச் சொன்னாப் போதும்னு நினைச்சிருந்தேன். பொய்யைப் பொய்ன்னு நிரூபிக்கிறதுக்கு ஒரு சாட்சி வேணும்னு எனக்குத் தோணவே இல்ல.

"நான் சொல்லுதேன்"னு பின்னால ஒரு சத்தம்.

நிவேதிகா. கையில ஒரு பிளாஸ்டிக் கவர். நேரா வந்து மேசையில ஒரு பழைய தாளை எடுத்து வச்சா.

"இது எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சான்றிதழ். தீ விபத்துக்கு அஞ்சு வருசம் முன்னால. மூட்டை விழுந்து இடது தோளு இறங்கிப் போச்சு. கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாதுன்னு எழுதியிருக்கு பாருங்க. அதனாலதான் சுமை வேலையை விட்டுட்டு வாட்ச்மேன் ஆனாரு. அந்தத் தோள்ல அவரு ஒரு தலகாணியைக்கூடச் சுமக்க மாட்டாரு. ரெண்டு தோள்லயும் ரெண்டு ஆளைச் சுமந்தாருன்னு எந்தப் பேப்பர்க்காரன் எழுதுவான்? இவ எங்கப்பாவைப் பாத்ததே இல்ல. பாக்காதவதான் அப்படிச் சொல்ல முடியும்."

"இந்த வாக்கியத்தை எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"நல்லா இருந்துச்சும்மா"ன்னா நிவேதிகா. "கேக்க நல்லா இருந்துச்சு. அப்புறம் இவங்க அச்சுலயும் அதே வந்ததும், எனக்கே சந்தேகம் வந்திட்டு. தீயைப் பாத்ததும் தோளு சரியாயிருக்குமோ, நாமதான் அப்பாவைத் தப்பா நினைச்சிட்டமோன்னு. நாலு நாளைக்கு முன்னால வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். சந்தோசமாத்தான் இருந்தேன்."

"அப்போ உங்கப்பா உள்ள போனாரா, இல்லையா?"

"தெரியாது. பிலிம்ல கீறல் இருக்கு. ஆனா கீறல் இருக்குன்னு சொல்லவாவது ஒரு பிலிம் இருக்கணும்ல்லா? அவரு உசிரோட இருக்கும்போது சொன்னதை நாங்க ஒருத்தரும் நம்பலை. செத்த பிறகு, அவரு சொல்லாத பொய்யைச் சொல்லி ஊரை நம்ப வைக்கணுமா? எனக்கு வேண்டாம்."

எனக்குக் கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. ஏற்கெனவே புரை, இதுல ஒண்ணுமே தெரியலை.

செங்கமலம் துருவன் பக்கம் திரும்பினாங்க. "அந்தப் பக்கத்தோட உங்க பிலிமைக் கொண்டு வாங்க. பத்து நாள் தாரேன்."

பத்து நாள் ஆச்சு, பதினஞ்சு ஆச்சு. பிலிம் மும்பையில இருக்குன்னாங்க, பழுது பாக்கக் குடுத்திருக்குன்னாங்க, கடைசியில ஒண்ணும் சொல்லலை. தீர்ப்பு வந்துச்சு. நெடுஞ்சுவடிகிட்ட தனிப் பிலிம் இருக்குன்னு நம்ப ஆதாரம் இல்ல. நூலகப் பிலிம் நூலகத்துலயே இருக்கும். நியாயப் பயன்பாடு தொடரும். எனக்கும் ஒரு குட்டு வச்சிருந்தாங்க, இனிமே கீறல் வந்த எடத்துல கீறல்னுதான் எழுதணும், பொறுப்பாளர் கற்பனை பண்ணக் கூடாதுன்னு. வாங்கிக்கிட்டேன்.

அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சு. அண்ணாச்சி அதைச் சத்தமா வாசிச்சாரு. "அந்த ஒரு வாக்கியம் பெனிட்டாவின் சொந்தப் படைப்பு. அதன் உரிமை, அவர் வாழும் காலத்திலும் மறைந்த பின் அறுபது ஆண்டுகளும் அவருக்கே உரியது. அவர் அனுமதியின்றி நெடுஞ்சுவடி அதை வெளியிட்டது தவறு."

ரயான் காக்கா சிரிச்ச சிரிப்புல கீழ் மாடியில இருந்து ஆளு ஏறி வந்திட்டாங்க. "ஏ பெனிட்டா, நீ எழுத்தாளி ஆயிட்ட! உன் முழுப் படைப்பும் ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிரலாம்!"

நிவேதிகாவும் சிரிச்சா. மறுநாள்ல இருந்து அவ நாற்காலி பழையபடி என் நாற்காலிக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. நான் வாசிக்கேன், அவ எழுதுதா. கீறல் வந்தா நான் "கீறல்"ங்கேன், அவ "கீறல்"னு எழுதுதா. ரெண்டு தடவை "நிசமாத்தானா?"ன்னு கேட்டா. பொய் சொன்னவங்கிற பேரு இனிமே எனக்கு அவகிட்ட போகாது போல.

போன வாரம் நெடுஞ்சுவடியில இருந்து எனக்கு ஒரு கடிதம். ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. அந்தத் தீ விபத்துப் பக்கத்தை நிறையப் பேரு விரும்பிப் படிக்காங்களாம். முக்கியமா அந்த ஐந்தாவது ஆளுக்காக. அதனால அந்த வாக்கியத்தை அப்படியே வச்சுக்கிட நான் எழுத்து மூலம் அனுமதி தரணுமாம். தந்தா, அது எப்பவும் அங்க இருக்கும்.

கடிதத்தை நிவேதிகாகிட்ட நீட்டினேன். படிச்சா. மடிச்சு என் கையிலயே குடுத்துட்டா.

"என்கிட்ட ஏன் கேக்க? உரிமை உன்னோடது."

சொல்லிட்டுப் பென்சில் சீவ ஆரம்பிச்சா. நான் அங்கயே உக்காந்து யோசிச்சேன். ஒரு கையெழுத்துப் போட்டா அவ அப்பா எல்லா ஊருலயும் வீரன். அவ பேரப்பிள்ளைங்க படிக்கும், அதுங்க பிள்ளைங்க படிக்கும். அந்த மனுசனைத் தீக்குள்ள அனுப்ப இந்த உலகத்துல சட்டப்படி உரிமை உள்ளவ நான் ஒருத்திதான், நான் செத்து அறுபது வருசம் வரைக்கும். கை எழுதத் துடிச்சுது, பொய் சொல்லமாட்டேன்.

'அனுமதி இல்லை. அந்த இடத்தில் கீறல் என்று போடுங்கள்'னு எழுதி, மடிச்சு, கவர்ல போட்டு ஒட்டினேன்.

"என்ன எழுதின?"ன்னு தலையைத் தூக்காமக் கேட்டா.

"மாட்டேன்னுட்டேன்."

"ம்"ன்னா. பென்சில் நுனியை ஊதிட்டு, தாளை நேரா வச்சுக்கிட்டா. வாசிக்கச் சொல்லுவான்னு நான் பிலிமைத் தள்ளினேன். அவ என்னைப் பாக்காம, தனக்குத்தானே சொல்லுத மாதிரி மெதுவாச் சொன்னா.

"போயிருந்தாருன்னா, ஒரு ஆளையாவது பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாரு பெனிட்டா. வலது கை நல்லாத்தான் இருந்துச்சு."